பண்டிகை எல்லோருக்கும், வேலை யாருக்கு?

மழை ஓய்ந்து தக்காணத்து வானம் தெளிந்துவிட்டால், ஐதராபாத் நகரத்தின் மிக இனிய பருவம் பிறந்துவிட்டது என்று பொருள். சாலையோரங்களில் சீத்தாப்பழக் கூடைகள் வந்து இறங்குகின்றன. குகட்பள்ளி ரைத்து பஜாரில் சாமந்தியும் துலுக்கச் செவ்வந்தியும் மலைபோல் குவிகின்றன. நம் தாயகத்தில் ஐப்பசி அடைமழையில் பட்டாசு நனையாமல் காப்பதே பெரும்பாடாக இருக்கும் நாட்களில், இங்கே இளங்குளிரும் இளவெயிலுமாகப் பொழுது புலர்கிறது. மகாளய அமாவாசையில் தொடங்கித் தைப்பொங்கல் வரையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள், நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல் என்று ஒன்றன் கையை ஒன்று பற்றிக்கொண்டு பண்டிகைகள் வரிசையாக வருகின்றன.

இம்மாதங்களைப் பற்றி எழுதப் புகுவோர் விளக்கின் ஒளியையும் பலகாரத்தின் சுவையையும் எழுதுவது வழக்கம். அவ்விளக்கை ஏற்றியவர் யார், அப்பலகாரத்தைச் சுட்டவர் யார், அன்றிரவு அவர் எத்தனை மணிக்குப் படுத்தார் என்று எழுதுவோர் அரியர். இம்மாதம் நாம் அதைப் பற்றியே சிந்திக்க விழைகிறோம்.

இரட்டை நகரங்களுக்குத் தமிழர் வந்தது இன்று நேற்றன்று. 1806-இல் சிக்கந்தராபாத் என்னும் பெயர் பெற்ற பாசறை நகருக்குச் சென்னைப் படையோடு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். குகட்பள்ளியின் கதை வேறு. பாலாநகர், சனத்நகர் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து வந்தவர்கள் சிலர். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு எழுந்தபோது வீடு வாங்கி வந்தவர்கள் சிலர். 1998-ஆம் ஆண்டு மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின்னர்க் கணினித் தொழிலை நாடி வந்தவர்கள் மிகப் பலர். பழைய குடிகளுக்கு அத்தையும் மாமியும் அடுத்த தெருவிலேயே இருந்தார்கள். நமக்கோ, கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்பதே பெரும்பாலும் குடும்பம். மற்ற உறவுகள் எல்லாம் கைப்பேசிக்குள் இருக்கின்றன.

இத்தகைய வீட்டில் பண்டிகை வந்தால் என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, நம் வீடுகளில் நாட்காட்டி ஒன்றன்று, இரண்டு. தமிழர் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. தெலுங்கர் மாதம் சந்திரனைப் பின்பற்றுவது. தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே அவர்களுக்குக் கார்த்திகம் பிறந்துவிடுகிறது. நமக்குக் கார்த்திகை பிறப்பது நவம்பர் நடுவில். 2023-இல் அவர்களுடைய கார்த்திகைப் பௌர்ணமியும் நம் திருக்கார்த்திகையும் அடுத்தடுத்து வந்தன. 2024-இல் அவர்களுக்கு நவம்பர் 15. நமக்கு டிசம்பர் 13. 2025-இல் அவர்களுக்கு நவம்பர் 5. நமக்கு டிசம்பர் 3. எதிர்வீட்டு வாசலில் விளக்கு எரியும்போது நம் வாசல் இருண்டிருக்கலாமா என்று ஒரு முறை அகல் கழுவ வேண்டும். நம் நாள் வரும்போது மறுமுறை கழுவ வேண்டும். தீபாவளியும் அப்படியே. நமக்கு விடியற்காலை எண்ணெய்க் குளியல். அவர்களுக்கு மாலையில் லட்சுமி பூஜை. காலை மூன்றரை மணிக்கு எழுந்து எண்ணெய் காய்ச்சியவரே மாலையில் அண்டை வீட்டு அழைப்புக்குப் பட்டுப் புடைவை கட்டிக்கொண்டு நிற்கிறார்.

நவராத்திரியின் கதையைக் கேளுங்கள். நம் வீட்டில் கொலு. அடுக்குமாடி முற்றத்தில் பதுக்கம்மா. 2014-இல் தெலங்கானா தனி மாநிலமான ஆண்டிலேயே மாநில விழாவாக அறிவிக்கப்பட்ட பண்டிகை அது. ஒன்பது நாள், பெண்கள் பூவை அடுக்கடுக்காகக் கோபுரம்போல் அடுக்கி, சுற்றி வந்து கைகொட்டிப் பாடுகிறார்கள். அப்பூவடுக்கில் பொன்னிறமாக முதலிடம் பெறும் தங்கேடு வேறு ஒன்றுமன்று. நம் ஊர்க் கரம்பில் தானே பூத்துக் கிடக்கும் ஆவாரையே அது. தெலங்கானாவின் மாநில மலரும் அதுவே. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அவர்கள் கண்கள் விரிகின்றன. ஆயினும், மாலை ஆறு மணிக்குச் சுண்டலைத் தாளித்து, வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு மடித்துக் கொடுத்து, ஏழரை மணிக்குப் பதுக்கம்மாவுக்குப் பூத்தட்டு ஏந்திச் செல்லும் தாய்க்கு ஆவாரையின் அழகைப் பற்றிப் பேசப் பொழுது ஏது?

இனிக் கிறிஸ்துமஸ். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் நம்மிடையே கணிசமாக உண்டு. அவர்களுக்குப் பண்டிகை டிசம்பர் 25 அன்று தொடங்குவதில்லை. அறுப்பின் பண்டிகைக்குக் காய்கனியும் பலகாரமும் கொண்டு போய்ப் படைத்த கையோடு கேக்குக்கு உலர்ந்த திராட்சையைப் பழச்சாற்றில் ஊறப்போட வேண்டும். பிறகு திருவருகைக் காலத்து நான்கு ஞாயிறுகள். வாசலில் நட்சத்திர விளக்கு. சிறுவர்களின் நாடகத்துக்குத் தேவதைச் சிறகும் மேய்ப்பன் தலைத்துண்டும். இரவில் எந்நேரம் வரும் என்று தெரியாத கீதபவனிக் குழுவுக்குத் தேநீரும் கேக்கும். இருபதாம் தேதிக்குமேல் அச்சு முறுக்கு, அதிரசம். குமரி மாவட்டத்தார் வீடாயின் முந்திரிக்கொத்து. இருபத்தைந்தாம் தேதி விடியுமுன் ஆராதனை. ஆலயத்திலிருந்து திரும்பியதும் பிரியாணி. பிறகு மாடிக்கு மாடி, வாசலுக்கு வாசல் தட்டுகள் போக வேண்டும். விருந்தினரை மேதக்குப் பேராலயத்துக்கும் அழைத்துப் போக வேண்டும். பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலையும் உணவும் அளிப்பதற்காகப் போஸ்நெட் பாதிரியார் எழுப்பி, 1924-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று அர்ப்பணிக்கப்பெற்ற ஆலயம் அது; நூறாண்டு கடந்து நிற்கிறது. அவ்வாலயத்தைக் காணப் போகும் வண்டியில் உறங்கிவிடுகிறவர் யார் என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

கிறிஸ்தவர் அல்லாத வீட்டுத் தாய்மாருக்கும் டிசம்பர் ஓய்வு தருவதில்லை. பள்ளி விழாவுக்குச் சிவப்புச் சட்டை வேண்டும். வகுப்புத் தோழனுக்குப் பரிசுப் பொட்டலம் வேண்டும். பதினாறாம் தேதி மார்கழி பிறந்துவிட்டால் வாசலில் கோலம் வேண்டும். ஊருக்குப் போவதும் எளிதன்று. தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸை ஒட்டிப் பத்து நாள்போல விடுமுறை கிடைக்கிறது. தெலங்கானாவிலோ நீண்ட விடுமுறை தசராவுக்கு. டிசம்பரில் பெரும்பாலான பள்ளிகளுக்கு 25, 26 ஆகிய இரண்டு நாட்களே. அங்கே தம்பி, தங்கை குழந்தைகள் எல்லாம் ஆச்சி வீட்டில் கூடியிருக்க, நம் குழந்தைகள் இங்கே பள்ளிப்பையைச் சுமக்கின்றனர். அதையும் மீறி ஊருக்குப் போகத் துணிந்தால் புகைவண்டிச் சீட்டு வேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. டிசம்பர் 23-ஆம் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் 24-ஆம் தேதி காலை எட்டு மணிக்குச் சீட்டு திறக்கிறது. தோசைக்கல்லுக்கும் கணினிக்கும் இடையே நின்று, சென்னை செல்லும் சார்மினார் விரைவு வண்டியில் நான்கு படுக்கைகளைப் பிடிக்கப் போராடுபவரும் பெரும்பாலான வீடுகளில் அதே தாய்தான்.

இவையெல்லாம் அன்றாட வேலைக்கு மேற்பட்டவை என்பதை மறக்கலாகாது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் நாட்டு மக்கள் தம் நாளை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று இருமுறை ஆராய்ந்திருக்கிறது. 2019-இல் நடந்த ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். 2024-இல் இது 289 நிமிஷமாகவும் 88 நிமிஷமாகவும் குறைந்தது. இரு சாராருக்கும் வேலை சற்றுக் குறைந்தது மெய்யே. மின்சார ஆட்டுக்கல்லும் சலவைப் பொறியும் அதற்கு ஓரளவு காரணமாகலாம். ஆனால் இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அன்று 202 நிமிஷம். இன்று 201 நிமிஷம். ஐந்தாண்டுகளில் ஒரே நிமிஷம் குறைந்திருக்கிறது! வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்களையே இக்கணக்குக் காட்டுகிறது. 2019-இல் ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே அவ்வேலையில் ஈடுபட்டவர்கள். பெண்களிலோ 81 பேர்.

ஊரில் இவ்வேலை இல்லாமலா இருந்தது என்று சிலர் கேட்கக்கூடும். இருந்தது, இதைவிட மிகுதியாகவே இருந்தது. ஆனால் ஒருவர் தலைமேல் இல்லை. ஆச்சி பாகின் பதம் பார்ப்பார். பெரியம்மை மாவு இடிப்பார். சித்தி வாழையிலையில் தட்டிப் போடுவார். மாமன் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி இறக்குவார். பிள்ளைகள் விறகு எடுத்துக் கொடுத்து, உடைந்த முறுக்கைக் கூலியாகப் பெறுவார்கள். பத்துக் கைகள் செய்த வேலையைக் குகட்பள்ளியில் இரண்டு கைகள் செய்கின்றன. அவ்விரண்டு கைகளும் பகலெல்லாம் மாதாப்பூரில் விசைப்பலகையைத் தட்டிவிட்டு, ஜே. என். டி. யூ. சந்திப்பு நெரிசலில் ஷேர் ஆட்டோவில் ஒரு மணி நேரம் நசுங்கி, வீடு வந்து சேர்ந்த கைகள். புலம்பெயர்ந்தபோது பண்டிகைகளை நம்மோடு கொண்டு வந்தோம். கைகளை ஊரிலேயே விட்டுவிட்டோம். நோய்க்கு மூலம் இதுதான்.

இதற்குப் பரிகாரமாகச் சிலர், "எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிட்டால் போகிறது" என்கிறார்கள். சிலர், "இந்தக் காலத்தில் பண்டிகை எதற்கு?" என்றே கேட்டுவிடுகிறார்கள். கடையில் வாங்குவதில் குற்றமொன்றும் இல்லை. நல்ல மிட்டாய்க்கடைகள் நம் குடியிருப்பைச் சுற்றிலும் உண்டு. ஓய்வின்றி உழைக்கும் ஒரு பெண் ஓர் இரவு கூடுதலாகத் தூங்குவதற்காக நாலு பெட்டி இனிப்பு வாங்கினால், அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால், எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் இழக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அது பலகாரத்தின் சுவையன்று. தமிழ் மொழியே அது.

நம் பிள்ளைகள் பள்ளியில் கற்பவை எவை? ஆங்கிலம் பயிற்றுமொழி. தெலங்கானாவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரையில் எல்லாப் பள்ளிகளிலும் தெலுங்கு கட்டாயப் பாடம். வாழும் நாட்டின் மொழியைக் கற்பது கடமையே; அதை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். இவற்றோடு பெரும்பாலும் இந்தியும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தமிழ் பயில வீடு ஒன்றே இடம். அவ்வீட்டிலும் நாள்தோறும் நடக்கும் பேச்சு எத்தகையது? "சாப்பிட்டாயா, படித்தாயா, தூங்கு" என்ற மூன்று வினைச்சொற்களில் முடிந்துவிடுகிறது. பண்டிகை வேலை நடக்கும்போதுதான் மொழியின் மற்ற அறைகள் திறக்கின்றன.

ஓர் அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரம் முற்றும் காயாமல் உலர்த்தி, இடித்து, சலித்து, வெல்லப்பாகு காய்ச்சி, பதம் பார்த்துக் கிளறி, மாவை ஒரு நாளேனும் ஆறவிட்டு, தட்டி, பொரித்து, எண்ணெய் பிழிந்து எடுக்க வேண்டும். இதிலுள்ள வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள். ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டி, "இது கம்பிப் பதம், இது உருட்டுப் பதம்" என்று ஒருமுறை காட்டப்பெற்ற சிறுவன் அச்சொற்களை ஆயுள் முழுதும் மறப்பதில்லை. அச்சு முறுக்குக்கு அச்சை எண்ணெயில் காய வைத்து, மாவில் முக்கால் பங்கே முக்க வேண்டும். முழுவதும் முக்கினால் முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது. "முக்கால்", "முக்குதல்", "கழலுதல்" ஆகிய மூன்று சொற்களும் அச்சிறுமிக்கு ஒரே நொடியில் கைவந்துவிடுகின்றன. எந்தப் பாடநூல் இதைச் செய்ய வல்லது?

இங்கேதான் நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது. செய்து முடித்த பலகாரம் மொழியைக் கொண்டு செல்வதில்லை; அதைச் செய்யும் வேலையே கொண்டு செல்கிறது. தாய் ஒருத்தி நள்ளிரவில் தனியே நின்று சுட்டு, டப்பாவில் அடைத்து வைத்த அதிரசத்தைக் காலையில் எடுத்துத் தின்னும் குழந்தைக்கு, அதற்கும் கடையில் வாங்கியதற்கும் வேற்றுமை என்ன? தாயின் முதுகு வலித்தது ஒன்றே மிச்சம். வேலையைப் பகிராத வீட்டில் தாய்க்கு ஓய்வும் இல்லை. பிள்ளைக்குத் தமிழும் இல்லை. பகிர்ந்துகொண்ட வீட்டில் இரண்டும் கிடைக்கின்றன. ஆகவே அம்மாவுக்கு "உதவி செய்தல்" என்று இதைச் சொல்வதுகூடப் பிழை. பிள்ளைகள் தமக்கு உரிய சொத்தைப் பெற்றுக்கொள்கிறார்கள் என்று சொல்வதே பொருந்தும்.

செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம்.

புரட்டாசி பிறந்தவுடன் ஒரு ஞாயிறு மாலை வீட்டார் அனைவரும் அமர்ந்து, தை வரையில் வரும் பண்டிகைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் நாமே செய்வது எது, கடையில் வாங்குவது எது, இவ்வாண்டு விட்டுவிடுவது எது என்று மூன்றாகப் பிரியுங்கள். "விட்டுவிடுவது" என்ற பத்தி காலியாக இருக்கலாகாது. ஒன்பது படிக் கொலு மூன்று படியானால் அம்பிகை கோபிக்க மாட்டாள். ஏழு வகைப் பலகாரம் இரண்டு வகையானால் பாலன் இயேசுவின் பிறப்பு மங்கிவிடாது.

"நாமே செய்வது" என்ற பத்தியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் எழுத வேண்டும். எல்லாப் பெயரும் அம்மாவாக இருந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். புகைவண்டிச் சீட்டுப் பதிவும் ரைத்து பஜார்ப் பயணமும் தந்தைக்கு. பாகு கிளறுவதற்கும் வலிய கை வேண்டும். அதையும் அவருக்கே ஒதுக்கலாம். அகல் கழுவுதல், நட்சத்திரம் கட்டுதல், கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குதல் ஆகியவை பிள்ளைகளுக்கு. பெண்பிள்ளைக்கு மட்டும் அன்று, ஆண்பிள்ளைக்கும்தான்.

அடுத்து, அண்டை வீட்டாரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் அதிரசமும் தெலுங்கர் அரிசெலுவும் உடன்பிறப்புகள். அதே ஈரமாவு, அதே பாகு. கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் ஒரு நாள் இரு குடும்பமும் சேர்ந்து அதிரசம் சுட்டால், சங்கராந்திக்கு அவர்கள் வீட்டில் சேர்ந்து அரிசெலுவும் சகினாலும் செய்யலாம். ஊரில் விட்டு வந்த கைகளுக்குப் பதில் புதிய கைகள் இங்கேயே இருக்கின்றன; நாம் நீட்டாததே குறை.

சங்கத்தாரும் இதில் ஒரு பங்கு ஏற்கலாம். ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் போட்டியும் கோலப் போட்டியும் வைக்கிறோம். டிசம்பரில் ஒரு ஞாயிறு, பெரிய அடுப்பு மூட்டி, தந்தையரும் பிள்ளைகளும் மாத்திரமே பலகாரம் செய்யும் நாள் ஒன்றை வைத்தால் என்ன? முதியவர்கள் நாற்காலியில் அமர்ந்து பதம் சொல்லட்டும். தாய்மார்கள் அன்று கை கழுவ மாத்திரம் எழுந்தால் போதும்.

தாய்மாருக்கும் ஒரு சொல். "நான் செய்தால்தான் சரியாக வரும்" என்ற எண்ணம் நம் சகோதரிகள் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். பிள்ளை தட்டும் முறுக்கு கோணலாகத்தான் இருக்கும். கணவர் துடைக்கும் அடுப்பில் கறை மிஞ்சத்தான் செய்யும். ஆச்சிக்கு வாய்த்த பதமும் முதல் நாளே வாய்த்ததன்று. கோணலைப் பொறுத்துக்கொள்ளாத வீட்டில் நேரான முறுக்கு சுடும் அடுத்த தலைமுறை தோன்றாது.

தந்தைமாருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கமானது. பண்டிகை நாளில் மனைவியின் தியாகத்தைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசுவது நம்மிடையே நாகரிகமாகிவிட்டது. புகழ்ச்சி நல்லதே. ஆனால் புகழ்ந்த வாயோடு கையும் எழுந்து கரண்டியைப் பிடித்தால், அந்த 201 நிமிஷத்தில் ஒரு பகுதியாவது இவ்வாண்டு குறையும். பண்டிகை நாளின் முடிவில் வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்கைக்குப் போனார்களா என்று பாருங்கள். போயிருந்தால் அவ்வீட்டில் பண்டிகை நன்றாக நடந்தது என்று அறியலாம்.

குகட்பள்ளித் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் நம் கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் வாழ்த்துக்கள் உரியனவாகுக.